காலால் பிறந்தவள் பீரோ கடைக்குப் போனாள்

“இந்தக் கடையில எல்லாரும் ஏதாச்சும் ஒண்ணத் தூக்கறாங்க. நீ என்னத்தம்மா தூக்குவே?”

முதலாளி இப்படிக் கேட்டபோது என் கையில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தது. அட்டை கசங்கிவிடக் கூடாதென்று பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அவர் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பிரிப்பார், கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார் என்று பாலசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்த வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தேன்.

அவர் புத்தகத்தைத் தொடவே இல்லை. என் தோளைப் பார்த்தார். எனக்குத் தோள் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது.

திருப்பதியில், மலையடிவாரமான அலிபிரிக்குப் போகும் சாலையில் இருந்தது அந்தக் கடை. கட்டில், மேசை, நாற்காலி, தொட்டில் எல்லாம் விற்றாலும் ஊரில் அதற்குப் பெயர் பீரோ கடை. எங்கள் நைனா அங்கே சாமான் தூக்குகிறவர். நான் வேலை கேட்டு நின்ற அந்த நேரத்தில் ஒரு தேக்கு பீரோவின் ஒரு பக்கத்தை நைனாவும் மறுபக்கத்தை முனிரத்தினம் மாமாவும் பிடித்துக்கொண்டு, என் பேச்சு முடியட்டும் என்று அசையாமல் நின்றார்கள். பீரோவையும் கீழே வைக்கவில்லை.

“பில் எழுதுவேன்” என்றேன். “தமிழு, தெலுகு, இங்கிலீசு, மூணும்.”

“பில்லு நானே எழுதறேனேம்மா” என்றார் முதலாளி.

பீரோவின் அந்தப் பக்கத்திலிருந்து முனிரத்தினம் மாமாவின் குரல் வந்தது. “மொதலாளி, அது காலால பொறந்த பொண்ணு!”

முதலாளி முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். “நிஜமா? ஒத்தக் காலா, ரெண்டு காலுமா?”

“ரெண்டும்தான். மொதல்ல வலது வந்தது” என்றார் நைனா, இந்தப் பக்கத்திலிருந்து.

“திங்கக்கிழமையே வந்துடும்மா.”

என் வலது காலைப் பற்றி இவ்வளவு விவரம் நைனாவுக்குத் தெரியும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

ஒரு பிறப்பின் பலன்

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரசவத்தில் தலைக்குப் பதில் கால் முதலில் வந்த பிள்ளை உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று ஒரு நம்பிக்கை. பிடித்துக்கொண்டவர் குப்புறப் படுக்க வேண்டும். காலால் பிறந்தவர் வலியுள்ள இடத்தில் மூன்று முறை உதைக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

எனக்கு நான்கு வயதிருக்கும்போதே தொழில் ஆரம்பமாகிவிட்டது. அறுவடைக் காலத்தில் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். பெரிய பெரிய மனிதர்கள் என் முன்னால் குப்புற விழுந்து கிடப்பார்கள். எட்டி உதைத்தால் ஒரு பிடி வேர்க்கடலை, அழாமல் உதைத்தால் வெல்லமும் சேர்த்து.

மற்ற நாட்களில் அவர்கள் வீட்டு வாசலைக்கூட நாங்கள் மிதித்ததில்லை. முதுகை மிதிக்கலாம்.

போன வாரம் நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கதையை எழுதியதைப் படித்துவிட்டு, காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வாசகி, ‘உங்கள் ஊரில் யார் உங்களைப் படிக்கவிட்டார்கள்?’ என்று கேட்டிருக்கிறார். அதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எங்கள் ஊர் வாத்தியாருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. உதைத்தேன். எழுந்தவர், “இது பேர் என்ன? பள்ளிக்கூடத்துல பேரு இல்லையே?” என்றார். கால் வழியாகத்தான் உள்ளே போனேன். பரீட்சை எழுதிப் பாஸ் செய்தது மட்டும் கை.

ஆகவே பெரியவளான பிறகு அந்தத் தொழிலை விட்டொழித்தேன். யாராவது கேட்டால், “அதெல்லாம் சின்ன வயசுல” என்பேன். அன்றைக்கு அவ்வளவையும் காதால் கேட்ட பிறகும், பீரோ கடையில் என்னை எடுத்துக்கொண்டது என் கையெழுத்துக்காகத்தான் என்று முதல் வெள்ளிக்கிழமைவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

நடந்து திரிந்த பீரோக்கள்

சாமான்களை வாங்குகிறவர் வீட்டில் கொண்டுபோய் இறக்கும்போதுதான் முதுகு போகும் என்று நினைப்பீர்கள். எங்கள் கடையில் அப்படி இல்லை. கடைக்குள்ளேயே போகும்.

மூன்று நாள் வியாபாரம் இல்லை என்றால் முதலாளி, திசை பார்க்கிற ஒருவரை வரவழைப்பார். அவர் வாசலில் நின்று கண்ணை மூடி, கையை நீட்டி, “தெற்கே பாரம் குறைவு” என்பார். உடனே வடக்கே இருக்கிற பீரோக்கள் எல்லாம் தெற்கே போகும். அடுத்த வாரம் மேற்கே. ஒரு பீரோ விற்று வெளியே போவதற்குள், திருமலைக்கு நடந்துபோய்த் திரும்புகிற தூரத்தைக் கடைக்குள்ளேயே நடந்திருக்கும்.

வாசலருகே ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ ஒன்று இருந்தது. அதை மட்டும் எவ்வளவு சுற்றினாலும் கடைசியில் வாசலுக்கே கொண்டுவந்து விடுவார்கள். மலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்கி வருகிறவர்கள் தங்கள் புதுத் தலையைப் பார்க்க எங்கள் கடைக்குள் நுழைவார்கள். தடவிப் பார்ப்பார்கள், திரும்பிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள். கடையில் எப்போதும் கூட்டம் இருப்பதுபோல் தோன்றும். பில் எழுதத்தான் வேலை இருக்காது.

இன்னொரு வழக்கமும் உண்டு. கல்யாணச் சீர் பீரோவைப் படுக்க வைக்கக் கூடாது. படுத்தபடி போனால் அபசகுனமாம். நிற்கிற மணப்பெண்ணைப்போல நிற்க வைத்தே தூக்க வேண்டும். வண்டியில் ஏற்றும்போதும் நின்றபடி, இறக்கும்போதும் நின்றபடி.

போதாததற்கு அது எல்லைத் தகராறு நடந்த காலம். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராஸுக்கு என்று டீக்கடைக்கு டீக்கடை ஒரு தீர்ப்பு. எங்கள் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று எங்களுக்கே தெரியாது. வரதய்யபாளையத்திலிருந்து வந்த ஒரு பெண் வீட்டார், “கோடு போடறதுக்குள்ள பீரோ வூடு சேந்துடணும். அப்பறம் நடுவுல நிறுத்தி வரி கேட்டா இன்னா பண்றது?” என்று பதறினார்கள். கல்யாணத்துக்கு இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லை. ஆனால் பீரோ அன்றைக்கே போயாக வேண்டும்.

இப்படித்தான் முதல் வெள்ளிக்கிழமை முனிரத்தினம் மாமா கடைக்குள் பாதி குனிந்த நிலையில் வந்து நின்றார்.

“வள்ளி, மாமாவ ஒரு ஒதை ஒதைம்மா.”

“நான் பில் எழுதிக்கினு இருக்கேன்.”

“யாருக்கு?”

எதிரில் ஒரு மொட்டைத்தலை மட்டும் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி தொண்டையைக் கனைத்தார். பெண்பிள்ளையை அவர் தெலுங்கில் அம்மாயி என்பார். “அம்மாயி, அதுக்குத்தானம்மா உன்ன வெச்சது.”

காது வரைக்கும் எனக்குச் சூடேறியது. கோபத்தில் உதைத்தேன். மாமா, “அம்மா!” என்று கத்திக்கொண்டு எழுந்து நேராக நின்றார். வலி போனதாலா, இன்னொரு உதைக்குப் பயந்தா என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு இந்த வேலையும் சேர்ந்தது.

பூ

தூக்குகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. சாமானில் கை வைத்த பிறகு யாரும் ‘கனம்’ என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. சொன்னால் இன்னும் கனமாகிவிடுமாம். அதற்குப் பதில், “பூ! பூ!” என்று கத்தித் தூக்குவார்கள். நான்கு ஆட்கள் கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, ஒரு இரட்டைக் கதவு பீரோவை நிற்க வைத்தபடியே தூக்கிக்கொண்டு, “பூடா! மல்லிப்பூடா!” என்று போவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் உள்ளே என்னவோ பூஜை நடக்கிறது என்று செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. கனம் என்று சொல்லக் கூடாதென்றால் வலிக்கிறது என்றும் சொல்ல முடியாது. நசுங்கிய விரல், சுளுக்கிய தோள், பிடித்த இடுப்பு எல்லாமே பூதான்.

உகாதிக்கு முந்தின வாரம் கடையைக் கழுவிவிட்டிருந்தார்கள். கண்ணாடி பீரோவை மேற்கே கொண்டுபோனபோது ஈரத்தில் நைனாவின் கால் வழுக்கியது. பீரோவைக் கீழே விடவில்லை. கண்ணாடி உடையக் கூடாதே என்று மொத்தத்தையும் தன் முதுகில் வாங்கிக்கொண்டார். எலும்பு நெரிந்த சத்தம் மேசையிலிருந்த எனக்கே கேட்டது.

“பூ” என்றார் நைனா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அன்று சாயங்காலம் அவராகவே என் முன்னால் குப்புறப் படுத்தார். நைனாவை எப்படி உதைப்பது? மெல்லக் காலை வைத்து எடுத்தேன். “போயிடுச்சும்மா. உங்கால் காலுதான்” என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. அடுத்த வாரம் குதிகாலால் நன்றாகவே உதைத்தேன். அப்போதும் போய்விட்டது. அதற்கடுத்த வாரமும். ஒரே வலி எப்படி மூன்று முறை போகும் என்று கணக்கில் அவ்வளவு மதிப்பெண் வாங்கிய எனக்குத் தோன்றவில்லை.

கால் விரலால் எடுத்த பேனா

“உங்க நைனா எட்டு நாளா நின்னுக்கினே துன்றாரு, பாத்தியா?” என்று அம்மாதான் கேட்டாள்.

நைனாவிடம் கேட்டால், “கடையில நாற்காலி எல்லாம் விக்கறதுக்கு. உக்காராம இருந்து பழகிப் போச்சு” என்றார்.

மறுநாள் கடையில் என் பேனா கீழே விழுந்து உருண்டது. நைனா அதைக் குனிந்து எடுக்கவில்லை. கால் விரலால் கவ்வி, காலை மெல்லத் தூக்கி, கையில் வாங்கி, துடைத்துக் கொடுத்தார். ஏதோ வித்தை காட்டுகிறவர்போல ஒரு சிரிப்பு வேறு.

பேனாவை மறுபடி கீழே போட்டேன். “குனிஞ்சு எடு நைனா.”

“எதுக்கு?”

“குனி.”

முழங்காலுக்கு மேலேயே கை நின்றுவிட்டது. நெற்றியில் வியர்வை அரும்பியது. இடது காலில் ஒரு மாதமாக மதமதப்பு என்பதையும் அப்போதுதான் ஒத்துக்கொண்டார்.

“ஏன் சொல்லல?”

அவர் முதலாளி இருந்த பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உன் ஒதைக்குப் போவலன்னு தெரிஞ்சா அவரு உன்ன வெச்சிப்பாரா கண்ணு? உன் வேல போயிடாது?”

“நான் பில் எழுதறேன் நைனா.”

“பில்லு யாரு வேணாலும் எழுதுவாங்க. ஒதைக்கத்தான் ஆளில்ல.”

படித்த பெண்ணின் கர்வம் உடைவதற்கு இதைவிடச் சுருக்கமான வாக்கியம் இருக்க முடியாது. அதைச் சொன்னவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மகளுக்கு ஒரு வேலை இருக்கிறது, அது காலால் இருந்தால் என்ன, கையால் இருந்தால் என்ன என்பதுதான் அவர் நியாயம். அந்த வேலைக்காக அவர் ஒரு மாதமாக உடைந்த முதுகோடு பூ தூக்கியிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். போனால் கடைக்குத் தெரிந்துவிடும் என்றார். அழுது பார்த்தேன், அம்மாவை விட்டுத் திட்டச் சொன்னேன். மசியவில்லை.

முதலாளி தள்ளியது

அந்த வாரமே திசை பார்க்கிறவர் மறுபடி வந்தார். கல்லா மேசைக்குப் பின்னாலிருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்து, “இது திரும்பணும். ஆனா மொதல் கை மொதலாளி கையா இருக்கணும்” என்றார்.

முதலாளி சட்டையைக் கழற்றினார். சாமி கும்பிட்டார். ஆட்கள் எப்போதும் செய்வதைப் பார்த்திருந்ததால் அவரும், “பூ!” என்று ஒரு சத்தம் போட்டுத் தள்ளினார். பெட்டி அசையவில்லை. முதலாளியும் அப்புறம் அசையவில்லை. இரண்டு கையும் பெட்டிமேல், இடுப்பு பின்னால். அப்படியே உறைந்துவிட்டார்.

“பூவா மொதலாளி?” என்று மெதுவாகக் கேட்டார் முனிரத்தினம் மாமா.

“நோரு மூசுக்கோரா! வாய மூடுடா!”

நான்கு பேரும் அவரைப் பெயர்த்தெடுத்து, விற்பனைக்கு இருந்த கட்டிலில் குப்புறப் போட்டார்கள். முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டே உத்தரவு போட்டார். “புதுத் துண்டு ஒண்ண முதுகு மேல விரிங்கடா. அம்மாயி, உன் காலு என் மேல படாம, துண்டு மேலயே ஒதை.”

கடை வாசலில் ஏழெட்டு மொட்டைத்தலைகள் கண்ணாடியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தன. நைனா என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். உதைத்தால், போய்விட்டது என்று முதலாளியும் சொல்லக்கூடும். என் வேலை நிற்கும். நைனா இன்னும் எத்தனை மாதம் கால் விரலால் பேனா எடுப்பார்?

“ஒதைக்க மாட்டேன்” என்றேன்.

“ஏமி?”

“இந்தக் காலுக்கு ஒரு சக்தியும் கெடையாது மொதலாளி. எங்க நைனாவ ஒரு மாசமா ஒதைக்கறேன். அவரால குனிய முடியல, உக்கார முடியல, கால் மரத்துப் போச்சு. என் வேல போயிடுமேன்னு பொய் சொல்லிக்கினு உங்க பீரோவத் தூக்கறாரு. ரெண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்புங்க.”

“ஒதைக்கலன்னா வேலைய விட்டு வெளிய போ!”

“நீங்க எழுந்து வந்து அனுப்புங்க, போறேன்.”

யாரோ சிரித்தார்கள். முதலாளி எழ முயன்றார். “ஐயோ தேவுடா” என்று திரும்பத் தலையணைக்குள் போனார்.

கட்டில் ஊர்வலம்

வண்டியில் ஏற்றினால் குலுங்கும் என்பதால் கட்டிலோடு தூக்குவது என்று முடிவாயிற்று. நைனா வழக்கம்போல கட்டிலின் ஒரு காலைப் பிடிக்கப் போனார். “நீ ஏறிப் படு நைனா” என்றேன். முதலாளி பக்கத்தில் படுப்பதா என்று தயங்கினார். “படுடா, வலிக்குது, சீக்கிரம்” என்றார் முதலாளி.

இரட்டைக் கட்டில்தான். ஒரு பக்கம் முதலாளி குப்புற, மறுபக்கம் நைனா மல்லாந்து. நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டு, இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் கை கொடுத்தார்கள். முனிரத்தினம் மாமா முன்னால்.

வழியில் மலையிறங்கி வந்த ஒரு குடும்பத்தின் பெரியவர் கட்டிலைத் தட்டிப் பார்த்து, “தேக்கா? என்ன வெல?” என்று கேட்டார். முதலாளி தலையைத் தூக்காமலே விலை சொன்னார். “ரெண்டு பேர் படுத்தும் கிறீச்சுங்குதா பாருங்க” என்று தன் பங்குக்கு நைனாவும் சேர்த்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். தெலுங்கும் இங்கிலீசும்தான் அவருக்கு. நைனாவை மெல்லப் புரட்டிப் பார்த்து, முதுகில் பச்சையும் நீலமுமாக இருந்த தடத்தைத் தொட்டு, “இது என்ன, குதிகால் மாதிரி இருக்கு?” என்றார். நான் என் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன்.

“எவ்வளவு பாரம் தூக்குவீங்க?”

“பூ மாதிரிதாங்க டாக்டர்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் மொழிபெயர்க்க நான்தான் இருந்தேன். “கனம்” என்றேன். தமிழில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை, இங்கிலீசில் ஒரு முறை. “ரொம்பக் கனம் டாக்டர். ஆறு பேர் தூக்க வேண்டியத நாலு பேர் தூக்கறாங்க. படுக்க வெச்சுத் தள்ள வேண்டியத நிக்க வெச்சுத் தூக்கறாங்க. ஈரத்துல தூக்கறாங்க.”

முனிரத்தினம் மாமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

முதலாளிக்குப் பத்து நாள் படுக்கை. நைனாவுக்கு ஆறு மாதம் ஒரு குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் இடது காலில் உணர்வு திரும்பியிருக்காது என்று டாக்டர் இங்கிலீசில் சொன்னதை நைனாவுக்கு மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

சித்தூரில்

நான்காம் நாள் முதலாளி தன் கட்டிலிலிருந்து ஆள் அனுப்பினார். நடந்ததை மறந்துவிடுகிறாராம். நான் பழையபடி பில் எழுதி, வெள்ளிக்கிழமை உதைக்க வேண்டுமாம். நைனாவின் இடத்துக்குப் புது ஆள் பார்த்தாயிற்றாம்.

“போயி சும்மா ரெண்டு ஒதை ஒதைச்சிட்டு வாயேம்மா” என்றார் நைனா.

நான் ஜில்லா ஆபீசுக்குச் சித்தூர் பஸ் ஏறினேன். மனுவை இரண்டு மொழியிலும் எழுதியிருந்தேன். யாருக்கு, எந்த உறுப்பு, எந்தச் சாமானால் என்று நான்கு பேர் விவரமும் இருந்தது. டாக்டரின் சீட்டை மேலே வைத்துத் தைத்திருந்தேன். தொழிலாளர் விவகாரம் பார்க்கிற அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

“உங்க ஊரு பாலசமுத்திரம் பக்கம்னு போட்டிருக்கே. அது எந்த ராஜ்யத்துக்குப் போகுதுன்னு முடிவாகட்டும்மா. அப்புறம் பார்க்கலாம்.”

“ஊரு எங்க வேணாலும் போகட்டும் சார். இடுப்பு திருப்பதியிலதான் ஒடிஞ்சது.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். முதன்முதலாக யாரோ என் எழுத்தை இரண்டாம் முறை படித்தார்கள். ஒரு வரியில் விரலை வைத்து, “இது யார் எழுதினது?” என்றார்.

“நான்தான்.”

“ம்.” முத்திரை குத்தினார். “கடைக்கு ஒரு நாள் வந்து பார்க்கிறேன். காயப்பட்ட ஆளைச் சும்மா வேலையை விட்டு நிறுத்த முடியாதுன்னு உங்க முதலாளிகிட்ட நானே சொல்றேன். எப்படி வரணும்?”

“இன்னைக்கே, ஒரு மணி பஸ் சார்” என்றேன். காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் சொல்லி, முன் வரிசையில் இரண்டு இடம் பிடித்துவைத்துவிட்டுத்தான் அவர் ஆபீஸ் படியேறியிருந்தேன்.